குகைமனிதனை விட்டிட்டு, மத்தியானச் சாப்பாட்டைச் சொல்லுங்கோ

பேலியோ இருக்கிற ஒரு ஆளிட்ட "என்ன தம்பி, சோறு சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி இருபத்தைந்து இலட்சம் வருடத்துக்கு முதல் தொடங்கும். ஆதிமனிதன் வருவான். ஈட்டி வரும். வேட்டை வரும். பிறகு விவசாயம் வரும், அதோட மனுசகுலம் நாசமாய்ப் போகும். இன்சுலின், லெக்டின், குளூட்டன், மருந்துக் கொம்பனிக்காரரின்ர சதி எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து முடியேக்க, கேட்ட மனுசியின்ர பிளேன்ரி ஆறிப்போயிருக்கும். அவவுக்குக் கடைசிவரையும் தெரியாமல் போவது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெடியன் மத்தியானம் என்னதான் சாப்பிடுறான்?

நானும் பேலியோதான். மூன்று வருடமாகிறது. எனக்கு ஒத்துவருகிறது, விடுகிற எண்ணமும் இல்லை. ஆகவே இதைப் பேலியோவுக்கு எதிரான கட்டுரை என்று யாரும் தூக்கிக்கொண்டு திரியவேண்டாம். என்ர சண்டை, நாங்கள் அதை மற்ற ஆக்களுக்கு விளங்கப்படுத்துகிற விதத்தோட.

சொல்ல வருவது இதுதான். ஒரு சாப்பாட்டுமுறையை எங்கட தெருவில இருக்கிற ஒரு மாமிக்கு நாலு வசனத்தில சொல்ல ஏலாதென்றால், அதை அவவுக்குச் சிபாரிசு செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. அந்த நாலு வசனத்துக்குள்ள இருக்கவேண்டியது நாலு விசயம்: என்ன சாப்பிடுறம், எதை விட்டிருக்கிறம், என்ன செலவு, ஆர் இதைத் தன்பாட்டில செய்யக்கூடாது. இந்த நாலையும் விட்டுப்போட்டுக் குகைக்குள்ள போய் நிக்கிறதை விளக்கம் என்று சொல்ல ஏலாது. அது பிரசங்கம்.

கேக்கிறது ஆர்?

எங்கட ஊரில "சாப்பிட்டாச்சோ?" என்பது சுகம் விசாரிக்கிற கேள்வி. சோறு வேண்டாம் என்று சொல்கிறபோது, சமைத்த ஆளை வேண்டாம் என்று சொன்னமாதிரித்தான் பாதிப்பேருக்கு விளங்கும். எனவே கேள்வி வரத்தான் செய்யும். கேட்கிற ஆக்கள் ஒரே மாதிரியான ஆக்களும் இல்லை.

சிலர் பயத்தில கேட்கினம். பிள்ளை மெலிஞ்சு போச்சு, ஏதும் வருத்தமோ, ஆரும் மனசை முறிச்சுப்போட்டினமோ என்று. அவைக்கு வேண்டியது ஆறுதல். "எனக்கு ஒண்டும் இல்லை அன்ரி, வயிறு நிறையத்தான் சாப்பிடுறன்" என்றால் போதும்.

சிலர் பகிடிக்குக் கேட்கினம். அவைக்குப் பகிடியாலயே மறுமொழி சொல்லலாம். கலியாணவீட்டுப் பந்தியில இருந்துகொண்டு ஆதிகால வரலாறு எடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது வகைதான் முக்கியம். அவையள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பினம்: "உண்மையா சீனி குறையுமோ?" இந்தக் கேள்வி கேட்கிற ஆளுக்கு அநேகமாய் சீனி வருத்தம் இருக்கும். அல்லது வீட்டில ஒருவருக்கு இருக்கும். 2018/19இல் இலங்கை முழுவதும் செய்த சுகாதார ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2005-06 காலத்து ஆய்வில் அது பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. எங்கட அம்மம்மாக்களின்ர பேர்ஸுக்குள்ள தேசிய அடையாள அட்டைக்குப் பக்கத்தில கிளினிக் கொப்பி இருக்கிற நாடு இது. எங்களிட்டப் பேலியோ பற்றிக் கேட்கிறவர் பொழுதுபோக்குக்குக் கேட்கிற ஆள் என்று நினைக்கக்கூடாது. எங்கட வாயிலிருந்து வருகிறதை அவர் நாளைக்கே செய்து பார்ப்பார்.

எங்கட ஒழுங்கையில ஒரு மாமா அப்படித்தான் செய்தார். வட்சப்பில வந்த ஒரு குரல்பதிவைக் கேட்டார். ஆதிமனிதனுக்கு நீரிழிவு இருக்கவில்லை, சோறுதான் விஷம், இண்டைக்கே விடு என்று அதில ஒருவர் முழங்கியிருந்தார். மாமா அடுத்தநாளே சோறு, பாண், இடியப்பம் எல்லாத்தையும் விட்டார். ஆனால் ஊசியைப் பழைய அளவிலயே போட்டார். அந்தப் பதிவில குகை இருந்தது, ஈட்டி இருந்தது, ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை சீனி அடியில இறங்கி, வேர்த்து, நினைவு தப்பி, ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனவை. தப்பிவிட்டார். இப்ப மரக்கறி குறைவாய்ச் சாப்பிடச் சொன்னாலும் பயப்படுகிறார்.

அந்தக் குரல்பதிவுக்காரர் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். அவருக்கும் நல்லது நடந்திருக்கும், அந்தச் சந்தோசத்தில பேசியிருப்பார். அதுதான் பிரச்சினை. சொந்தச் சந்தோசத்தில பேசுகிற ஆளுக்குக் கேட்கிறவரின்ர குளிசைப் பெட்டி கண்ணில படாது.

சரி, அந்தக் குகைக்குள்ள ஒருக்காப் போவம்

"முன்னோர் சாப்பாடு" என்ற கதை முதலில உண்மையோ என்று பார்ப்பம். தூரப் போகத் தேவையில்லை, இந்தத் தீவிலயே குகை இருக்கிறது.

களுத்துறை மாவட்டத்தில் பஹியங்கல குகை. ஏறத்தாழ 45,000 வருடங்களுக்கு முன்னரே அங்கே மனிதர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டு எறிந்த எலும்புகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள். பெரும்பாலானவை குரங்கு எலும்பும் பெரிய மர அணில் எலும்பும். மழைக்காட்டில மரத்துக்கு மரம் தாவுகிற மிருகத்தைப் பிடிக்கிற அளவுக்கு அவர்கள் கெட்டிக்காரர். குருவிற்றப் பக்கத்தில் இருக்கிற பட்டதொம்பலென, கித்துல்கலவில் இருக்கிற பெலிலென குகைகளில் காட்டு ஈரப்பலாவும் காட்டு வாழையும் காட்டுக் கொட்டைகளும் சாப்பிட்ட தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஈரப்பலா மாச்சத்து. வாழைப்பழம் இனிப்பு. இரண்டும் பேலியோ குழுக்களில "தொடவே கூடாது" பட்டியலில இருப்பவை.

ஆகவே இலங்கைத் தீவின் ஆதிமனிதனைப் போலச் சாப்பிடப்போகிறேன் என்று ஒருவர் உண்மையாகவே நின்றால், அவர் ஒரு குரங்கையும் ரெண்டு அணிலையும் பிடிச்சு, பக்கத்தில ஈரப்பலாவை அவித்துவைக்க வேணும். பட்டர் இல்லை. பனீர் இல்லை. பாதாம்பருப்பு இல்லை. தேங்காய்ப்பால் இல்லை. கோழிமுட்டையும் இல்லை. கோழியை மனிதர் வீட்டில வளர்க்கத் தொடங்கிச் சில ஆயிரம் வருடம்தான் ஆகிறது.

உலகத்தின் மற்றப் பக்கமும் இதே கதைதான். தென்னாபிரிக்காவின் போர்டர் குகையில் 170,000 வருடங்களுக்கு முன்னர் கிழங்கு சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஜோர்தானின் பாலைவனத்தில் 14,000 வருடங்களுக்கு முந்தைய அடுப்பில் ரொட்டியின் கருகிய துண்டு கிடைத்தது. அங்கே விவசாயம் தொடங்கச் சில ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ரொட்டி அது. அதோடு, எங்கட உடம்பு அன்றிலிருந்து மாறவே இல்லை என்பதும் சரியில்லை. வளர்ந்த பிறகும் பால் செமிக்கிற தன்மை சில சமூகங்களில் பரவியது கால்நடை வளர்க்கத் தொடங்கிய பிறகுதான்.

ஆதிமனிதன் என்று ஒரு தனி ஆள் இருக்கவில்லை. அவனுக்கென்று ஒரு மெனுவும் இருக்கவில்லை. கிடைத்த இடத்தில கிடைத்ததைச் சாப்பிட்டார்கள்.

அப்ப இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1975இல் வோல்ரர் வோக்லின் என்ற அமெரிக்க வைத்தியர் கற்கால உணவு என்று ஒரு புத்தகம் போட்டார். 1985இல் போய்ட் ஈற்றனும் மெல்வின் கொன்னரும் ஒரு பெரிய மருத்துவச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். 2002இல் லோரன் கோர்டெய்னின் புத்தகம் வந்தபிறகு பேலியோ என்பது வீட்டுச்சொல் ஆனது. அவருடைய முறையில் பாலும் பால்பொருளும் கிடையாது. தமிழில் இதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். பேஸ்புக் குழு வழியாகவும் புத்தகம் வழியாகவும் தமிழ்நாட்டில் வளர்ந்த அந்தத் தமிழ்ப் பேலியோவில் பட்டருக்கும் பனீருக்கும் இடம் உண்டு. எங்கட பக்கம் வந்து சேர்ந்ததும் அதுதான். அதாவது நாங்கள் கடைப்பிடிப்பது நடைமுறையில் மாச்சத்தைக் குறைத்த சாப்பாடு. பெயர்தான் கற்காலம். பெயரை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. நானும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். பெயரையே சாட்சியாய்க் கொண்டுவந்து நிறுத்தாதேங்கோ, அவ்வளவுதான்.

விஞ்ஞானத்தை எளிமையாய்ச் சொல்ல ஏலும்

"அப்ப விஞ்ஞானம் சொல்லாமல் விடுறதோ?" என்று கேட்பினம். சொல்லலாம். ஒரு நிமிடம் போதும்.

சோறு, பாண், புட்டு, கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கிற மாச்சத்து வயிற்றுக்குள் போய்ச் சீனியாய் உடைகிறது. அந்தச் சீனியை இரத்தத்திலிருந்து உடம்புக்குள் எடுக்க இன்சுலின் வேணும். நீரிழிவு இருப்பவரின் உடம்பில இன்சுலின் காணாது, அல்லது சரியாய் வேலை செய்யாது. மாச்சத்தைக் குறைத்தால் வருகிற சீனி குறைகிறது. மீன், முட்டை, இறைச்சி, தேங்காய் எல்லாம் வயிற்றில கனநேரம் நிற்கும், அதனால பசி குறையும், எண்ணிப் பார்க்காமலே சாப்பாடு குறையும், நிறையும் குறையும். முதல் கிழமையில மூன்று கிலோ போச்சு என்று துள்ளுகிறார்களே, அதில பெரும்பகுதி தண்ணி. உடம்பு சேர்த்துவைத்திருக்கிற மாச்சத்து தன்னோட தண்ணியையும் பிடித்துவைத்திருக்கும். அது கரைய, தண்ணியும் போகும். அந்தக் கிழமை தலையிடி வரும், களைக்கும், சிலருக்கு மலச்சிக்கல் வரும். தண்ணியும் உப்பும் மரக்கறியும் கூட்டினால் அநேகமாய்ச் சரிவரும்.

இதில ஈட்டி எங்கே வந்தது? தேவைப்படவேயில்லை.

இன்னும் ஒன்று சொல்லவேணும், இதைத்தான் நாங்கள் மறைக்கிறம். மாச்சத்தைக் குறைத்த சாப்பாடு நீரிழிவுக்காரருக்கு முதல் ஆறு மாதத்தில நல்ல வித்தியாசம் காட்டுகிறது. ஒரு வருடம் ஆக, மற்றச் சாப்பாட்டுமுறைகளுக்கும் இதற்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாய்ப் பிரித்து ஒரு வருடம் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டது. ஒரு பக்கம் கொழுப்பைக் குறைத்த சாப்பாடு, மறுபக்கம் மாச்சத்தைக் குறைத்த சாப்பாடு. முதல் பக்கத்துக்குச் சராசரியாய் 5.3 கிலோ குறைந்தது, இரண்டாவது பக்கத்துக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாய்ச் சொல்லப்பட்ட ஒன்று உண்டு: சீனியையும் தீட்டிய மாவையும் விடு, மரக்கறியை நிறையச் சாப்பிடு, வீட்டில சமைத்துச் சாப்பிடு.

இதை விளங்கினால் கேட்கிற மாமிக்கு ஒரு பெரிய உபகாரம் செய்யலாம். "மாமி, நீங்கள் என்னை மாதிரிச் செய்யவேண்டிய அவசியம் இல்லை. தேத்தண்ணிச் சீனியையும் பின்னேரம் கடையில வாங்குற ரோல்ஸையும் விட்டு, சோத்தைப் பாதியாக்கி, கறியை ரெண்டு மடங்காக்கினாலே நல்ல மாற்றம் தெரியலாம்." இந்த வசனத்தைச் சொல்ல எத்தனை பேலியோக்காரருக்கு மனம் வருகிறது? எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று நிற்கிறம். அரைவாசி மாறுகிற ஆளை "ஏமாத்துறார்" என்று பகிடி பண்ணுறம்.

ஆர் தன்பாட்டில செய்யக்கூடாது

இதைக் கடைசியில சின்ன எழுத்தில போடுகிறதுதான் வழக்கம். பெரிசாய்ச் சொல்லவேணும்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், கிளிக்கிளசைட் போன்ற சீனியை இறக்குகிற குளிசை போடுகிறவர்கள் மாச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். மருந்தின் அளவை டொக்டர் மாற்றித் தரவேணும். குளிசையைத் தானாக நிப்பாட்டுவதும் பிழை, பழைய அளவிலயே தொடர்வதும் பிழை. எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர்களுக்கு வேற ஒரு ஆபத்து இருக்கிறது: மாச்சத்தை மிகக் குறைத்தால் இரத்தத்தில அமிலம் கூடலாம், அந்தநேரம் சீனி அளவு பெரிதாய்க் கூடாமல் இருக்கும் என்பதால் கண்டுபிடிக்கவும் பிந்தும்.

அடுத்தது சிறுநீரகம். வடமத்திய மாகாணத்திலிருந்து வவுனியாப் பக்கம் வரைக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் விவசாயிகள் சாகிற நாடு இது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு "இறைச்சியை அள்ளிச் சாப்பிடு" என்று சொல்வது உதவி இல்லை. கிரியற்றினின் பாராமல் அந்த வசனத்தை ஆருக்கும் சொல்லாதேங்கோ.

பிள்ளைத்தாய்ச்சிகள், பால்கொடுக்கிற தாய்மார், வளருகிற பிள்ளைகள், முந்தி ஒருகாலம் சாப்பாட்டோட சண்டைபிடித்து உடம்பு வருந்தினவர்கள், இவர்களுக்கும் இது எங்கட வாயால வரவேண்டிய புத்திமதி இல்லை. சிலருக்குக் கூடாத கொலஸ்ரோல் இந்தச் சாப்பாட்டில் நன்றாகவே ஏறும். அதுக்கும் "கொலஸ்ரோல் எண்டதே கட்டுக்கதை" என்று ஒரு பிரசங்கம் தயாராய் இருக்கிறது. இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கோ, அது போதும்.

ஆற்ற காசு, ஆற்ற கை

பேலியோ விளக்கங்களில் நான் ஒருநாளும் கேட்காத சொல் "விலை". 2022இல் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதைத் தொடர்ந்து கோழித்தீனி இல்லாமல் கோழிகள் குறைந்து, முட்டை விலை 50 ரூபாவைத் தாண்டி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய நாடு இது. தமிழ்நாட்டுப் பட்டியலை அப்படியே பிரதி எடுத்து "காலையில் நூறு பாதாம்" என்று எழுதுகிற ஆள், வவுனியாவில கால் கிலோ பாதாம் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்.

மலையகத்தைப் பாருங்கோ. 2024 செப்ரெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். முட்டை ஒன்று 40 ரூபா என்றால், நாலு பேர் உள்ள ஒரு லயன் வீட்டில ஆளுக்கு மூன்று முட்டை காலைச் சாப்பாட்டுக்கே 480 ரூபா. காலையில ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு அந்த ரொட்டிதான் மத்தியானம் வரைக்கும் கால் நகரச் செய்வது. அவவிட்டப் போய் "மா விஷம்" என்று சொல்கிறவர் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை, தன்ர வருமானத்தைப் பற்றிக் கதைக்கிறார்.

மலிவாய்ச் செய்ய வழி இல்லையோ? இருக்கு. சூடை, சாளை, கீரி மீன். தேங்காய். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி. பாதாமும் அவகாடோவும் இல்லாமல் இந்தச் சாப்பாடு நடக்கும். ஆனால் எங்கட பேலியோப் படங்களில சூடைமீன் வருகிறதே இல்லை. படத்துக்கு இறைச்சித் துண்டுதான் வேணும்.

பருப்பும் பயறும் கடலையும் நான் சாப்பிடுவதில்லை. மாச்சத்தை எண்ணிக் குறைக்கிறதால. அதுக்காக "பருப்பில நஞ்சு இருக்கு" என்று பயப்படுத்துவது அநியாயம். லெக்டின் என்று சொல்கிற சாமான் நன்றாய் அவித்தால் பெரும்பாலும் அழிந்துபோகும். பச்சையாய்ப் பருப்புச் சாப்பிடுகிற ஆளை நான் இன்னும் காணவில்லை. இறைச்சி வாங்க ஏலாத வீட்டுக்கும் மரக்கறிச் சாப்பாட்டு வீட்டுக்கும் புரதம் என்று இருப்பதே பருப்பும் பயறும்தான். அதையும் பயப்படுத்திப் பறிச்சுப்போட்டு என்னத்தைக் குடுக்கப்போறம்?

காசை விடப் பெரிசாய் மறைக்கிற இன்னொன்று இருக்கிறது: கை. சமைக்கிற கை. வீட்டில ஒரு பெடியன் பேலியோ தொடங்கினால் அம்மா இரண்டு சமையல் சமைக்கத் தொடங்குகிறா. ஒரு பக்கம் எல்லாருக்கும் சோறு, பருப்பு, கறி. மற்றப் பக்கம் இவருக்கு மாச்சத்து இல்லாத தனிக்கறி. வெள்ளிக்கிழமை வீடு முழுக்க மரக்கறி, இவருக்கு மட்டும் என்ன செய்கிறது என்று ஒரு மனுசி மண்டையை உடைக்கிறா. பிறகு இவர் பேஸ்புக்கில "என் பயணம்" என்று 12 கிலோக் கதை எழுதுகிறார். கருத்துப்பெட்டியில நூறு பேர் வாழ்த்துகினம். அதில அம்மாவின்ர அடுப்பு இல்லை. காஸ் சிலிண்டர் இல்லை. மிச்சச் சோறு ஆருக்குப் போனது என்றும் இல்லை.

ஆகவே "என்ன சாப்பிடுறனீங்கள்?" என்ற கேள்விக்கு நேர்மையான மறுமொழியில "ஆர் சமைக்கிறது?" என்பதும் இருக்கவேணும். நீங்கள் சமைக்காவிட்டால், உங்கட பேலியோவை இன்னொருவர் சுமக்கிறார். மீன் வெட்டப் பழகுங்கோ. முட்டை பொரிக்கிறது பெரிய வித்தை இல்லை. அம்மா வைக்கிற அதே மீன்கறியிலயும் கீரையிலயும் கத்தரிக்காய்க் கறியிலயும் எடுத்துக்கொண்டு சோத்தை மட்டும் விட்டால் ரெண்டாவது அடுப்புத் தேவையே இல்லை.

"சோறு விஷம்" என்று சொல்லாதேங்கோ

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "சோறு தின்னாதவன் தமிழனோ?" என்று கேட்கிற ஆக்கள் பின்னேரம் சாப்பிடுகிற பாணும் ரோல்ஸும் கொத்தும் கோதுமைமாவு. கோதுமை இந்த நாட்டு வயலில விளைவதில்லை, கப்பலில வருகிறது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை வந்தபிறகு எங்கட சாப்பாட்டில அது இன்னும் இறுகிப் பிடித்துக்கொண்டது. குரக்கனும் சாமையும் ஒடியலும் ஓரமாய்ப் போனது பேலியோக்காரராலே இல்லை. எனவே பாரம்பரியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கட கோப்பைக்குள்ள வராதேங்கோ. ஒருவர் ஒருதரம் வேண்டாம் என்றால் விடுங்கோ. "ஒரே ஒரு கரண்டி" என்று போடுகிறது அன்பு இல்லை, தொல்லை.

ஆனால் எங்கட பக்கத்துக் குற்றம் பெரிசு. "சோறு விஷம்" என்ற வசனம் எந்த மண்ணில நின்று சொல்லப்படுகிறது என்று யோசியுங்கோ. 2009இல் முள்ளிவாய்க்காலில அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சியில உயிரைப் பிடித்து நின்ற சனம் இது. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைத் தெருவில வைத்துச் சிரட்டையில ஊற்றிக் கொடுக்கினம். அந்தச் சிரட்டையை நீட்டுகிற ஆளிட்ட "நான் பேலியோ" என்று சொல்லவேண்டிய அவசியம் ஆருக்கும் இல்லை. நான் வாங்கிக் குடிக்கிறனான். அடுத்த நேரம் என்ர சாப்பாட்டுக்குத் திரும்பிப் போவன். ஒருநேரக் கஞ்சியில குலைஞ்சுபோகிற ஆரோக்கியம் என்றால் அது ஆரோக்கியமே இல்லை.

ஒரு சாப்பாடு எனக்கு ஒத்துவரவில்லை என்பது என்ர உடம்பைப் பற்றிய செய்தி. அதை விஷம் என்று சொல்கிறபோது, அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களை, விளைவித்தவர்களை, பிள்ளைக்கு ஊட்டியவர்களைக் குற்றவாளியாக்குகிறம். கிளிநொச்சியில வயல் செய்கிற ஒருவரிட்டப் போய்ச் சொல்லிப்பாருங்கோ.

கதை இல்லாட்டி சனம் மாறாதோ?

என்ர நண்பர்கள் சிலர் சொல்வார்கள்: "வெறும் தகவலாலே ஆரும் மாறமாட்டினம். ஆதிமனிதன் கதைதான் ஆக்களை இழுக்குது." உண்மைதான், இழுக்கும். அந்த மாமாவையும் அதுதான் இழுத்தது. இழுத்துக்கொண்டு போய் எங்க விடுகிறது என்பதுதான் என்ர கேள்வி.

கதையால வந்தவர் கதையோடயே போவார். கற்காலத்தில வருத்தம் இல்லை என்று நம்பி வந்தவர், ஆறாம் மாதம் நிறை இறங்காமல் நிற்கிறபோது தன்னைத்தான் குற்றம் சொல்வார். "நான் ஒழுங்காய்ச் செய்யேல்லை" என்பார். இன்னும் கடுமையாய்க் குறைப்பார். அல்லது எல்லாத்தையும் தூக்கியெறிந்துவிட்டு முந்தியதை விடக் கூடச் சாப்பிடுவார். "ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாய்த்தான் இறங்கும், சிலருக்கு நிக்கும், அது சாதாரணம்" என்று முதல்நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஆள் நின்றிருப்பார்.

ஆகவே அடுத்தமுறை ஆரும் கேட்டால், இவ்வளவையும் சொல்லிப்பாருங்கோ:

"மாமி, நான் சோறு, மா, சீனி, கிழங்கு, பருப்பு விட்டிருக்கிறன். காலமை முட்டை, மத்தியானம் மீன்கறியும் ரெண்டு மரக்கறியும் கீரையும், இரவு மிச்சக்கறி, வயிறு நிறையச் சாப்பிடுறன், நானேதான் சமைக்கிறன். சோத்துச் சாப்பாட்டை விடக் காசு கூடத்தான் போகுது. எனக்கு ஒத்துவருது, ஆனா நீங்கள் குளிசையோ ஊசியோ எடுக்கிறனீங்கள் எண்டா கிளினிக்கில கேக்காம இதைச் செய்யாதேங்கோ."

நாலு வசனம். அவ இன்னும் கேட்டால் இன்னும் சொல்லுங்கோ. கேட்காவிட்டால் நிப்பாட்டுங்கோ. அடுத்த கிளினிக் எப்ப என்று கேளுங்கோ, ஏலுமென்றால் கூட்டிக்கொண்டு போங்கோ. அவவின்ர தேத்தண்ணி ஆறமுதல் குடிக்க விடுங்கோ.